சாம்பல் நிற சூட்

துணிக்கடை. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கூட வந்திருக்கும் பெண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சூட் வேண்டுமாம். எடுத்துக் காட்டும் ஒவ்வொன்றையும் ‘இது இல்லை’ என்று தள்ளுகிறான். அவன் தேடுவது செத்துப்போன ஒருத்தி போட்டிருந்த சூட். எனக்கு இது வேண்டாம் என்கிறாள் அந்தப் பெண். அழுகிற நிலைக்கு வந்துவிடுகிறாள். அவன் காதில் எதுவும் விழவில்லை.

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ (1958) படத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த இடம் இது. எல்லோரும் பேசுவது இதற்குப் பிறகு வரும் பச்சை ஒளி முத்தத்தைப் பற்றித்தான். காதலின் உச்சம் என்று ரீல்ஸ்கூடப் போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்த முத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் துணிக்கடைதான் ஞாபகத்துக்கு வரும்.

படம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, கதையைச் சொல்லிவிடலாம். ஸ்காட்டி (ஜேம்ஸ் ஸ்டூவர்ட்) வேலையை விட்ட துப்பறிவாளன். உயரம் என்றால் தலைசுற்றும். பழைய கல்லூரித் தோழன் எல்ஸ்டர், தன் மனைவி மேடலினைப் பின்தொடரச் சொல்கிறான். எப்போதோ இறந்துபோன கார்லோட்டா என்ற கொள்ளுப்பாட்டியின் ஆவி அவளைப் பிடித்திருக்கிறதாம். பின்தொடரப் போனவன் காதலில் விழுகிறான். அவள் மணிக்கூண்டின் மேலிருந்து விழுந்து சாகிறாள். படியேறிப் போய்த் தடுக்க அவனால் முடியவில்லை. புத்தி கலங்கி மருத்துவமனையில் கிடந்து மீண்டபின், தெருவில் ஜூடி என்ற கடைப்பெண்ணைப் பார்க்கிறான். கிட்டத்தட்ட அதே முகம். இரண்டு பேராகவும் நடித்தது கிம் நோவாக். உடை, செருப்பு, கடைசியில் தலைமுடியின் நிறம் வரை மாற்றி, இவளை அவளாக்க முனைகிறான்.

கொடுமை என்னவென்றால், அவன் காதலித்ததே ஜூடியைத்தான். மனைவியைக் கொல்லத் திட்டம் போட்ட எல்ஸ்டர், மேடலினாக நடிக்க அமர்த்தியவள் இவள். கூண்டிலிருந்து விழுந்தது நிஜ மனைவியின் உடல். ஆக, தொலைந்துபோனவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவனை நேசிக்கவும் செய்கிறாள். மேடலினைத் திரும்பக் கொண்டுவருகிறேன் பேர்வழி என்று அவன் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது அவளைத்தான்.

‘பாவம், அவனுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்கலாம். படத்தின் மூலம் 1954இல் பியர் புவாலோவும் தோமா நார்ஸ்ழாக்கும் சேர்ந்து எழுதிய பிரெஞ்சு நாவல். அதன் நாயகன் ஃப்ளாவியேர் அவளை இழப்பது 1940இல், ஜெர்மன் படை பாரிஸை நெருங்கும் நாட்களில். காதலியும் நாடும் ஒன்றாகக் கைவிட்டுப் போகின்றன. போர் முடிந்தபின் மார்செய் நகரத்தில் அதே சாயலில் ஒருத்தியைக் கண்டுபிடித்து விடாப்பிடியாகத் துன்புறுத்துகிறான். உண்மை வெளிவந்ததும் கழுத்தை நெரித்துக் கொன்றேவிடுகிறான். அவன் செய்வது கொலைதான். ஆனால் போருக்கு முந்தைய ஒரு காலத்தையே திரும்பப் பெறப் பார்க்கிறான் என்று வாசிக்க அங்கே இடமிருக்கிறது. ஹிட்ச்காக் கதையைச் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனபோது போர் உதிர்ந்துவிட்டது. ஸ்காட்டிக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கேமராவுக்குப் பின்னாலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஹிட்ச்காக் முதலில் இந்தப் படத்துக்கு நினைத்திருந்தது வேரா மைல்ஸை. தனி ஒப்பந்தம் போட்டு, உடை முதற்கொண்டு தானே தீர்மானித்து, அவரை நட்சத்திரமாக்கப் பார்த்தார். மைல்ஸ் கருவுற்றதும் அந்த இடத்துக்கு வந்தவர்தான் நோவாக். மெரிலின் என்பது நோவாக்கின் இயற்பெயர். மன்றோ இருக்கும்போது இன்னொரு மெரிலின் எதற்கு என்று கொலம்பியா ஸ்டுடியோ அதை மாற்றியது. குடும்பப் பெயரையும் மாற்றச் சொன்னார்கள். அதை மட்டும் போராடித் தக்கவைத்துக்கொண்டார். ‘வெர்டிகோ’வில் அந்தச் சாம்பல் நிற சூட்டும் கறுப்புச் செருப்பும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஹிட்ச்காக் விட்டுக்கொடுக்கவில்லை. துணிக்கடைக் காட்சியில் அந்த முகத்தில் தெரியும் சங்கடம் முழுக்க நடிப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம் ஊருக்கும் இந்தக் கதை வந்திருக்கிறது. கே. சங்கர் இயக்கி, எம்.ஜி.ஆரும் சரோஜா தேவியும் நடித்த ‘கலங்கரை விளக்கம்’ (1965). மணிக்கூண்டு மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கமாகவும், கார்லோட்டா பல்லவர் காலத்துச் சிவகாமியாகவும் மாறிய அழகைத் தனியாகவே எழுதலாம்.

‘வெர்டிகோ’ வந்தபோது பெரிதாக ஓடவில்லை. நாயகனுக்கு ஐம்பது வயது, நாயகிக்கு இருபத்தைந்து. ஸ்டூவர்ட்டுக்கு வயதாகிவிட்டதுதான் காரணம் என்று ஹிட்ச்காக் நினைத்தார் என்பார்கள். 2012இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் அதுவே உலகின் தலைசிறந்த படமாக முதலிடத்துக்கு வந்தது. 2022இல் ஷாந்தால் ஆகெர்மன் என்ற பெண் இயக்குநரின் படம் அதை இரண்டாம் இடத்துக்கு இறக்கியது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

படத்தைக் காப்பாற்றுவது ஜூடியின் கடிதம் என்பேன். நாவலில் ரகசியம் கடைசியில்தான் உடைகிறது. படத்திலோ ஸ்காட்டி அவளைச் சந்தித்துவிட்டுப் போன கையோடு நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் காட்சியை வைப்பதா வெட்டுவதா என்று ஹிட்ச்காக்கே கடைசி நேரத்தில் தடுமாறினார். வெட்டியிருந்தால் துணிக்கடையில் நாம் ஸ்காட்டி பக்கம்தான் உட்கார்ந்திருப்போம். ஒத்த சூட் கிடைக்க வேண்டுமே என்று நமக்கும் பதறியிருக்கும். ஜூடி ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று பெட்டியை எடுக்கிறாள். நடந்ததையெல்லாம் அவனுக்கு எழுதுகிறாள். எழுதியதைக் கிழித்துப் போடுகிறாள். பிறகு அலமாரியைத் திறக்கிறாள். அவன் கடையில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடப்போகும் அதே சாம்பல் நிற சூட் அங்கேதான் தொங்குகிறது. அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அவனோடு இரவு சாப்பாட்டுக்குப் போக வேறொரு உடையை எடுக்கிறாள்.