தாத்தா, அப்பா, மகன்: பேக்கப் செலவின் வரலாறு

கணினியில் ஓர் எழுத்தைச் சேமிக்க ஆகும் விலை 1950-களிலிருந்து பெரும்பாலும் இறங்குமுகமாகவே இருந்துவந்திருக்கிறது. ஆனால் தரவைச் சேமிக்கவும் அதன் காப்புப்படிகளை வைத்திருக்கவும் நிறுவனங்கள் செலவிடும் தொகை ஏறிக்கொண்டே போகிறது. தரவு பெருகிவிட்டது என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அது பாதி உண்மை. மீதிப் பாதி, பேக்கப் என்ற வேலை உருவான விதத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கென்று தனிச் செலவே இருந்ததில்லை.

கணினிக்கு முன்பே வணிகப் பதிவுகளுக்குப் படி எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த வங்கியாளர் ஜார்ஜ் மெக்கார்த்தி, காசோலைகளைச் சிறிய படச்சுருளில் படம்பிடிக்கும் 'செக்கோகிராஃப்' என்ற கருவிக்கு 1925-ல் காப்புரிமை பெற்றார். பணம் கொடுக்கப்பட்ட காசோலை வாடிக்கையாளரிடமே திரும்பிப் போய்விடும் வழக்கம் இருந்ததால், பிற்பாடு வழக்கு எழுந்தால் காட்டுவதற்கு வங்கியிடம் சான்று இருக்காது. அந்தக் குறையை மைக்ரோஃபிலிம் தீர்த்தது. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1928-ல் இந்தக் கண்டுபிடிப்பை வாங்கி, 'ரிக்கார்டாக்' என்ற பெயரில் விற்றது.

படிகளை வேறோர் இடத்தில் பாதுகாப்பதைத் தொழிலாக்கியவர் ஹெர்மன் நாஸ்ட். அவர் நியூயார்க் மாநிலத்தில் காளான் வளர்த்தவர். இரும்புத் தாது தீர்ந்துபோன ஒரு சுரங்கத்தை, சுற்றியிருந்த நிலத்தோடு சேர்த்து 1936-ல் 9,000 டாலருக்கு வாங்கியிருந்தார்; இருட்டும் ஈரமும் காளானுக்கு உகந்தவை. இரண்டாம் உலகப் போரில் அடையாள ஆவணங்களை இழந்து அமெரிக்காவுக்கு வந்த அகதிகளை அவர் அருகிலிருந்து பார்த்தார். அணுகுண்டு அச்சமும் அப்போது பரவியிருந்தது. 1951-ல் அதே சுரங்கத்தில் 'அயர்ன் மவுன்டன் அட்டாமிக் ஸ்டோரேஜ்' நிறுவனம் தொடங்கியது. முதல் வாடிக்கையாளரான ஈஸ்ட் ரிவர் சேவிங்ஸ் வங்கி, வைப்புக் கணக்குகளின் மைக்ரோஃபிலிம் படிகளையும் கையெழுத்து அட்டைகளின் நகல்களையும் கவச வண்டிகளில் ஏற்றி அனுப்பியது. அசலும் நகலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்ற விதிக்கு அதிலிருந்து மாத வாடகை என்ற விலை வந்தது.

அப்போது பெரிய நிறுவனங்களின் கணக்குகள் துளையட்டைகளில் இருந்தன. ஐ.பி.எம். 1928-ல் கொண்டுவந்த அட்டையில் 80 எழுத்துகளே அடங்கும். 10 லட்சம் எழுத்துகளுக்கு 12,500 அட்டைகள் வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் அட்டைப் பெட்டிகளுக்காகவே கட்டடங்களில் இடம் ஒதுக்கின. அந்த நெருக்கடியைத் தளர்த்தியது காந்த நாடா. 1951-ல் யுனிவாக் கணினி உலோக நாடாவோடு வந்தது. 1952 மே மாதத்தில் ஐ.பி.எம். தன் 726 நாடா இயந்திரத்தை அறிவித்தது. அதில் ஒரு சுருள் 20 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துகளைக் கொள்ளும்.

நாடாவில் பதிந்ததன் நடுவே ஒரு வரியை மட்டும் அழித்துத் திருத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரு முறையை வகுத்துக்கொண்டன. எல்லாக் கணக்குகளும் எண் வரிசைப்படி ஒரு மூல நாடாவில் இருக்கும். அன்றைய வரவு செலவுகளை அதே வரிசையில் அடுக்கி இன்னொரு நாடாவில் ஏற்றுவார்கள். இரவில் கணினி இரண்டையும் ஒருசேரப் படித்து, மூன்றாவது சுருளில் புதிய மூல நாடாவை எழுதும். நேற்றைய நாடாவில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. புதியது பழுதாகிவிட்டால், நேற்றைய மூலத்தையும் இன்றைய வரவு செலவு நாடாவையும் எடுத்து வேலையை மறுபடி ஓட்டினால் போதும்.

இப்படி வரிசையாக மூன்று தலைமுறை நாடாக்களை வைத்துக்கொள்வது வழக்கமானது. இன்றையது மகன், நேற்றையது அப்பா, முந்தாநாளையது தாத்தா. நான்காவது பிறந்ததும் மிகப் பழைய சுருள் வெற்று நாடாவாகி, மறுபடி எழுதப் போகும். சுருளின் பின்புறப் பள்ளத்தில் பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பொருத்தினால்தான் இயந்திரம் அதில் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். தாத்தாவையும் அப்பாவையும் தவறுதலாக அழிக்காமல் காத்தது அந்த வளையம்தான். எந்தச் சுருள் எந்த அலமாரியில், எந்த நாள்வரை இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள நாடா நூலகர் இருந்தார். இந்த ஏற்பாட்டில் பேக்கப் தனி வேலையாக இருக்கவில்லை. அன்றாடக் கணக்கு வேலை முடியும்போது அது கூடவே கிடைத்தது. கூடுதலாக ஆன செலவு சில சுருள்களும் அலமாரி இடமும்தான். பின்னால் வந்த எந்த முறையும் இந்தச் சிக்கனத்தை எட்டவில்லை.

அதை முடித்துவைத்தது வட்டு. ரெனால்ட் ஜான்சன் தலைமையில் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே கூடத்தில் உருவான ரமாக், 1956-ல் வெளிவந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, 50 லட்சம் எழுத்துகள் கொள்ளளவு, மாத வாடகை 3,200 டாலர். எந்தக் கணக்கையும் வரிசைக்குக் காத்திராமல் நேரே எடுத்து அந்த இடத்திலேயே திருத்தலாம் என்பது அதன் பெருமை. ஆனால் திருத்திய கணத்தில் பழைய மதிப்பு அழிந்துவிடும். அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. ஆகவே வட்டில் உள்ளதை இரவில் நாடாவுக்கு இறக்கும் தனி வேலை தேவைப்பட்டது. அதற்கு இயந்திர நேரம், ஆள், நாடா, வண்டி, வாடகை எல்லாம் புதிதாகச் சேர்ந்தன. வட்டுகள் பெருத்தபோது இறக்கும் நேரமும் நீண்டது. விடிவதற்குள் பேக்கப் முடியுமா என்பது கணினி அறைகளின் நித்தியக் கவலையானது.

மூன்று தலைமுறைப் பெயர்கள் மட்டும் பிழைத்தன, பொருள் மாறிவிட்டது. தினசரிப் படி மகன், வாரப் படி அப்பா, மாதப் படி தாத்தா என்றானது. இந்த மாற்றம் செலவை எப்படிப் பெருக்கியது என்பதை எளிய கணக்கில் காணலாம். 1 டெராபைட் தரவுள்ள ஒரு நிறுவனம் 12 வார முழுப் படிகளையும் 12 மாத முழுப் படிகளையும் வைத்திருந்தால் அது 24 டெராபைட். வெளியூரில் இன்னொரு தொகுப்பு என்றால் 48. அசலில் கூடும் ஒவ்வொரு டெராபைட்டும் 48 டெராபைட்டுக்கு இடம் கேட்கிறது. விலைச் சரிவின் பயனைப் பெருமளவு தின்றது இந்தப் பெருக்கம்தான்.

செலவை அடக்க எடுக்கப்பட்ட முதல் பெரிய முயற்சி, அதிகம் தொடாத தரவை மலிவான இடத்துக்குத் தள்ளுவது. 1980-ல் வந்த ஐ.பி.எம். 3380 வட்டு 2.52 ஜிகாபைட் கொள்ளும். வகையைப் பொறுத்து அதன் விலை 81,000 டாலரிலிருந்து 1,42,400 டாலர்வரை. அந்த விலையில் பழைய கணக்குகளை வட்டில் வைத்திருப்பது வீண். 1974-லேயே ஐ.பி.எம். 3850 என்ற இயந்திரம், தேன்கூடு போன்ற அறைகளில் அடுக்கிய 50 மெகாபைட் உருளைகளை இயந்திரக் கையால் எடுத்துத் தந்தது. 1987-ல் ஸ்டோரேஜ் டெக், ஏறத்தாழ 6,000 கேசட்டுகளைக் கையாளும் ரோபோ நூலகத்தைக் கொண்டுவந்தது. நாடா நூலகரின் வேலையில் பெரும்பகுதி அதோடு போயிற்று.

இரண்டாவது வழி, மாறியதை மட்டும் படியெடுப்பது. ஐ.பி.எம். 1993-ல் வெளியிட்ட ஏ.டி.எஸ்.எம். மென்பொருள், ஒருமுறை முழுப் படி எடுத்தபின் மாறிய கோப்புகளை மட்டுமே சேர்த்துக்கொண்டு போனது. மூன்றாவது வழி இன்னும் நுட்பமானது. தரவைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கணித முறையில் ஒரு கைரேகை கண்டு, ஏற்கெனவே உள்ள துண்டு மறுபடி வந்தால் சேமிக்காமல் சுட்டிக்காட்டிவிட்டுப் போவது. பெல் ஆய்வகத்தில் ஷான் குவின்லனும் ஷான் டார்வர்டும் உருவாக்கிய 'வென்டி' பற்றிய கட்டுரை 2002-ல் வெளியானது. அதே நகல் நீக்க உத்தியை வணிகமாக்கிய டேட்டா டொமைனுக்காக இரண்டு நிறுவனங்கள் போட்டியிட்டன, 2009-ல் இ.எம்.சி. அதை ஏறத்தாழ 210 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் சேமித்ததில் எவ்வளவு பணம் வீணாகிக்கொண்டிருந்தது என்பதை அந்தத் தொகையே காட்டுகிறது.

இதற்கிடையே, எதை அழிக்கலாம் என்ற முடிவு நிறுவனங்களின் கையிலிருந்து பெரும்பாலும் நழுவிவிட்டது. கணக்கு மோசடியில் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபின் 2002-ல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், விசாரணையைத் தடுக்க ஆவணங்களை அழிப்பதைக் கடும் குற்றமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மின்னஞ்சல்களை முறையாகப் பேணாத 5 பங்குத் தரகு நிறுவனங்கள் சேர்ந்து 82.5 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அதன்பின் எல்லாவற்றையும் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று சட்ட ஆலோசகர்கள் கருதத் தொடங்கினார்கள். அதற்கான பில்லைக் கணினித் துறை கட்டியது. இந்தியாவில் நிறுவனங்கள் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். மின்னணுக் கணக்குகளின் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் குறிப்பிட்ட கால இடைவெளியில் எடுத்தால் போதும் என்றிருந்த விதி, 2022 ஆகஸ்டில் தினசரி எடுக்க வேண்டும் என்று மாறியது. கோயம்புத்தூரில் பம்பு செய்யும் சிறு தனியார் நிறுவனமும் இதற்குக் கட்டுப்பட்டதே.

கிளவுட் வந்தபோது விலைப்பட்டியல் வெளிப்படையானது. 2006 மார்ச்சில் தொடங்கிய அமேசானின் எஸ்3 சேவை, ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் கேட்டது. 2012-ல் வந்த கிளேசியர் 1 சென்ட். திரும்ப எடுக்கச் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2019-ல் வந்த டீப் ஆர்க்கைவ் 1 சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. வழக்கமான மீட்பில் காத்திருப்பு 12 மணி நேரம்வரை. தொடாத தரவை மலிவான இடத்துக்கு அனுப்பும் 1970-களின் உத்திதான் இங்கே விலையாக மாறியிருக்கிறது. ஆனால் வைப்பதற்கான விலை குறைந்த அதே வேளையில், வெளியே எடுப்பதற்கான கட்டணம் பல நிறுவனங்களை எதிர்பாராமல் தாக்கியது. பேக்கப்பின் பயன் முழுவதும் திரும்ப எடுப்பதில் இருப்பதால், இது சிறு குறையல்ல. 2024-ல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும், தங்களை விட்டு முழுவதுமாக விலகுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தை நீக்கின. அன்றாடம் எடுப்பவர்களுக்கு அது நீடிக்கிறது.

காந்த நாடா இதற்குள் வழக்கொழிந்திருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லப்பட்டது. ஆனால் 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஏற்பட்ட மென்பொருள் பிழையால் ஒரு சிறு பகுதிப் பயனர்களின் அஞ்சல்கள் மறைந்தபோது, வட்டுகளில் இருந்த பல நகல்களையும் அந்தப் பிழை பாதித்திருந்தது. கூகுள் நாடாவிலிருந்தே அவற்றை மீட்டது. அதே ஆண்டு இறுதியில் தாய்லாந்து வெள்ளத்தில் வட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை பாய்ந்து ஏறியது. விலை இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட பட்ஜெட்டுகள் அப்போது குலைந்தன. 2000-ல் 100 ஜிகாபைட்டோடு தொடங்கிய எல்.டி.ஓ. வகை நாடா, 2021-ல் ஒரு கேசட்டுக்கு 18 டெராபைட்டை எட்டியது. அலமாரியில் இருக்கும்போது மின்சாரம் கேட்காது. கணினியோடு இணைந்திராததால் ரான்சம்வேர் தாக்குதலும் அதைத் தொடாது.

2025-ன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் சேமிப்புக்குப் பயன்படும் ஃபிளாஷ் நினைவகத்தின் விலையும் ஏறியது. நீண்டகாலப் படிகளுக்கு இன்றும் காந்த நாடா பல பெரிய நிறுவனங்களில் பயன்பட்டுவருகிறது.