கணக்கில் எழுதினால் மட்டும் போதுமா? ‘ரசீது எங்கே?’ என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

ரவாங்கில் நீங்கள் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குளிர்பெட்டி பழுதாகி, 1,800 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுத்துச் சரிசெய்தீர்கள். ‘பழுதுபார்ப்புச் செலவு’ என்று கணக்கிலும் எழுதியாச்சு. மூன்று ஆண்டுகள் கழித்து, உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என் தணிக்கைக்கு வந்து ரசீது கேட்டால்?

பணம் உண்மையிலேயே செலவாகியிருக்கலாம். ஆனால், ஆதாரம் இல்லாவிட்டால் அந்தச் செலவு நிராகரிக்கப்படலாம். அப்போது அந்த 1,800 ரிங்கிட்டுக்கும் வரி கட்ட வேண்டி வரும், அபராதமும் சேரலாம்.

எதையெல்லாம் இணைக்கணும்?

தேதி, கடையின் பெயர், வாங்கிய பொருள் அல்லது செய்த வேலை, தொகை ஆகிய நான்கும் ரசீதில் தெரிய வேண்டும். வங்கி அறிக்கை மட்டும் போதாது. பணம் போனதை அது காட்டும். எதற்காகப் போனது என்பதைக் காட்டாது.

பில்லே இல்லாத பதிவுகளுக்கு?

ஆண்டு இறுதியில்தான் இந்தச் சிக்கல் அதிகம். தேய்மானத்துக்கு, வாங்கிய விலையும் விகிதமும் உள்ள கணக்குத் தாளை இணையுங்கள். டிசம்பர் மின்கட்டணத்தை உத்தேசமாக எழுதினால், ஜனவரியில் பில் வந்ததும் அதையும் சேர்த்து வையுங்கள். தவறான பதிவைத் திருத்தினால், பழைய பதிவின் எண்ணையும் திருத்திய காரணத்தையும் எழுதுங்கள். ‘சரிசெய்தல்’ என்று ஒரே சொல்லில் முடித்தால், அடுத்த வருஷம் உங்களுக்கே புரியாது.

எழுதியவர் யார், ஒப்புதல் தந்தவர் யார் என்பதும் இருக்கட்டும்.

எத்தனை வருஷம் வைத்திருக்கணும்?

1967 வருமான வரிச் சட்டப்படி, வியாபாரக் கணக்குகளையும் ஆவணங்களையும் 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். தவறினால் 300 முதல் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். உங்களுடையது சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனமா? 2016 நிறுவனச் சட்டமும் அதே 7 ஆண்டுகளைச் சொல்கிறது. பரிவர்த்தனை முடிந்த 60 நாளுக்குள் பதிவும் நடந்திருக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது

பெட்ரோல் நிலைய ரசீது போன்ற வெப்பத்தாள் ரசீதுகளில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுங்கள். கணக்குப் பதிவின் எண்ணையே படத்துக்குப் பெயராக வையுங்கள். மூல ரசீதையும் மாதவாரியாக உறையில் போட்டு வையுங்கள், தூக்கிப் போட்டுடாதீங்க.

எண்ணைச் சொன்னதும் தாளை எடுத்துக் காட்ட முடிந்தால், தணிக்கை வந்தாலும் பதற வேண்டியதில்லை.