இடைச்செருகலா, பாடபேதமா? எஞ்சின் மாறிய சிறு கார்களின் வரலாறு: மைசூரிலிருந்து ஒரு பார்வை

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் சேர்ந்தது. முதற்பதிவு செய்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்னும் தனி வகை உருவாயிற்று. பதிவெண்ணில் மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்னும் அடையாளம் இடம்பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெருமாற்றம் எதற்கும் உட்பட்டிருக்கக் கூடாது. அந்தப் பெருமாற்றத்துள் அடிச்சட்டமும் கூடும் மட்டுமல்ல, எஞ்சினும் அடங்கும்.

பழைய கார்களைப் பேணுவோர் இத்திருத்தத்தை வரவேற்றனர், வரவேற்கத்தக்கதுதான். எனினும் தொழில்நுட்ப வரலாற்றைப் பயில்வோர் அதிலுள்ள 'மூல வடிவம்' என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சேகரிப்பாளரின் அகராதியில் அச்சொல்லுக்குத் தெளிவான பொருளுண்டு: ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படி இருந்ததோ அப்படி. இந்தியச் சிறு கார்களின் வரலாற்றில் அப்பொருள் நிலைகொள்ள மறுக்கிறது. இங்கே கூடு நாற்பது ஆண்டு மாறாமல் நின்றது. எஞ்சின் மாறிக்கொண்டே இருந்தது. பட்டறையில் மட்டுமல்ல, ஆலையிலும் அப்படித்தான். ஓர் ஏட்டில் பிற்காலத்தவர் சேர்த்ததை யெல்லாம் இடைச்செருகல் எனத் தள்ளினால் அந்நூல் வாசிக்கப்பட்ட வரலாறே போய்விடும் என்பதைப் பதிப்பாசிரியர் அறிவர். அதே சிக்கல் காரின் முன்மூடிக்குக் கீழும் இருக்கிறது.

இக்கதையை மைசூரிலிருந்து தொடங்கக் காரணமுண்டு. இந்தியாவிலேயே கார் செய்ய வேண்டும் என்ற திட்டத்தை 1930களின் நடுவில் முனைந்து முன்வைத்தவர் மைசூரின் முன்னாள் திவான் மோ. விஸ்வேஸ்வரய்யா. 1912 முதல் 1918 வரை திவானாக இருந்தவர், எழுபது வயதைத் தாண்டிய பின் 1935இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று கார் ஆலைகளைப் பார்வையிட்டுத் திட்டம் வகுத்தார். தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் அதனைக் கையிலெடுத்தார். அப்போதைய திவான் மிர்ஸா இஸ்மாயில் ஆதரவாக இருந்தார். மைசூர் அரசின் எல்லைக்குள் ஆலை அமையும் வாய்ப்பு நெருங்கி வந்தது. போர்க்காலத்தில் பிரித்தானிய இந்திய அரசு அதற்கு இசையவில்லை. மைசூர் அரசோடு வால்சந்த் கொண்ட உறவு வேறொரு வடிவில் பலித்தது: 1940 டிசம்பரில் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பிறந்தது. கார் ஆலை பம்பாய்க்குப் போயிற்று. 1944இல் தோன்றிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் குர்லாவில் ஆலை அமைத்து, முதலில் கிரைஸ்லர் நிறுவனத்தின் பெரிய கார்களையும் பின்னர் இத்தாலியின் ஃபியட் கார்களையும் செய்தது.

ஆக, பின்னாளில் மைசூரு வீதிகளில் ஓடிய ஃபியட், ஒருவகையில் அம்மண்ணில் தவறிப்போன திட்டத்தின் வழித்தோன்றல்.

1953இல் டாரிஃப் கமிஷனின் பரிந்துரைக்குப் பின், உதிரிகளை இறக்கிப் பூட்டி மட்டும் விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. நடுத்தர வர்க்கத்துக்கு எஞ்சியவை மூன்று: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவின் அம்பாஸடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்ட். ஃபியட் 1100 பல பெயர்களில் வந்து, 1964இல் 'டிலைட்' ஆகி, ஃபியட்டின் பெயர் நீங்கிய பின் 1970களில் 'பிரீமியர் பத்மினி' ஆனது. பெயர் மாறிய அளவுக்குப் பொருள் மாறவில்லை. 1089 கன செ.மீ. கொள்ளளவு; 68 மி.மீ. விட்டமும் 75 மி.மீ. வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர். வார்ப்பிரும்புக் கட்டை, அலுமினிய ஹெட், மூன்று மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்க். இந்த எஞ்சினைத்தான் மூன்று தலைமுறை மெக்கானிக்குகள் மனப்பாடமாகக் கற்றனர்.

புதுக் காருக்குப் பல ஆண்டு காத்திருக்க நேர்ந்த காலத்தில், பழைய காரைப் பிரித்துக் கட்டுவது பொழுதுபோக்கன்று. வீட்டுப் பொருளாதாரத்தின் பகுதி. ஓடி ஓடிச் சிலிண்டர் சுவர் தேயும். தேய்மானம் எங்கும் ஒரே அளவாக இராது. மேல்வளையம் திரும்புமிடத்தில் மிகுந்தும் கீழே குறைந்தும் இருக்கும், வட்டம் நீள்வட்டமாகும். எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும். அப்போது ஹெட்டைக் கழற்றி, கட்டையை லேத் பட்டறைக்கு அனுப்பி 'ரீபோர்' செய்வார்கள். சிலிண்டரை மில்லிமீட்டரின் சிறு பகுதி அகலமாக்கி, அதற்கேற்ற 'ஓவர்சைஸ்' பிஸ்டன் போடுவார்கள். கிராங்க் ஷாஃப்ட்டின் கழுத்துகளையும் கடைந்து மெலிதாக்கித் தடித்த பேரிங் இடுவார்கள். சூடேறி வளைந்த அலுமினிய ஹெட்டைத் தட்டையாக்க ஒரு படலம் சீவுவார்கள். சீவச் சீவ எரியறை சிறுத்து அழுத்த விகிதம் கூடும், நிறையச் சீவினால் எஞ்சின் 'நாக்' அடிக்கும். பல முறை ரீபோர் செய்து சுவர் மெலிந்த பின், ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்கே மீண்டும் கொண்டு வருவார்கள். அதன் பிறகு வண்டியைச் சில நூறு மைல் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும்.

இதில் ஆய்வாளர் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 68 மி.மீ. விட்டத்தை 1 மி.மீ. மட்டும் கூட்டினால் கொள்ளளவு 1089 என்பது ஏறத்தாழ 1122 கன செ.மீ. ஆகிறது. பதிவுச் சான்றிதழ் 1089 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதாவது எஞ்சினே மாறாத காரிலும், ஏட்டில் உள்ளதும் உலோகத்தில் உள்ளதும் வேறு வேறு. இது பெருமாற்றமா, பராமரிப்பா? எல்லைக் கோட்டை எங்கே வரைவது என்பதை எந்த விதியாலும் எளிதில் சொல்லிவிட முடியாது.

இவ்வேலைக்கான கைத்திறன் மைசூரில் தழைத்ததற்கு இன்னொரு ஊற்று உண்டு. யாதவகிரித் தொழிற்பகுதியில் ஐடியல் ஜாவா ஆலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியது; திறந்துவைத்தவர் அன்றைய மைசூர் ஆளுநர் ஜெயசாமராஜேந்திர உடையார். செக்கோஸ்லோவாக்கிய ஜாவா நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 250 கன செ.மீ. இரு வீச்சு மோட்டார் சைக்கிள்கள் அங்கே உருவாயின; 1970களில் அவை 'யெஸ்டி' ஆயின; ஆலை 1996இல் மூடியது. இரு வீச்சு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது காரைவிட நுணுக்கமானது. அழுத்திப் பொருத்திய கிராங்கைப் பிரித்து, புதிய கனெக்டிங் ராடு ஏற்றி, மயிரிழை பிசகாமல் மையம் பார்த்து மீண்டும் சேர்க்க வேண்டும். அத்தகைய வேலையை ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய கைகள் ஒரு நகரில் இருந்தால், அத்திறன் ஆலையின் வாயிலோடு நிற்பதில்லை. இன்று மைசூரு ஜாவா, யெஸ்டி அன்பர்களின் தலைநகரம் போல் பேசப்படுகிறது. அதே நகரின் கார்ப் பட்டறைகளைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு.

பிரித்துக் கட்டுதல் ஒரு பக்கம். எஞ்சினையே மாற்றுவது மறுபக்கம். இதில் பட்டறைகளுக்கு முன்னுதாரணமாக நின்றவை ஆலைகளே என்பதுதான் வேடிக்கை. அம்பாஸடர் 1957இல் பழைய பக்க வால்வு எஞ்சினோடு வந்தது; இரண்டாண்டிலேயே 1489 கன செ.மீ. மேல் வால்வு எஞ்சினுக்கு மாறியது. பின்னர் டீசல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசுவின் 1817 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியரோடு உள்ளே ஏறியது. கூடு மட்டும் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. வண்டலூரை ஒட்டிய ஸ்டாண்டர்ட் ஆலை 1985இல் எதிர்த்திசையில் நடந்தது: ரோவர் எஸ்.டி.1 என்னும் நவீனக் கூட்டுக்குள், 1940களின் வேன்கார்டு வழிவந்த 1991 கன செ.மீ. எஞ்சினைப் பொருத்தி 'ஸ்டாண்டர்ட் 2000' என விற்றது. மூன்றாண்டில் அக்கார் நின்றுபோனது. புதிய உடலில் பழைய இதயம் என்பதை வாங்குவோர் மன்னிக்கவில்லை. பழைய உடலில் புதிய இதயத்தை எப்போதும் வரவேற்றனர்.

பிரீமியர் நிறுவனமும் இதைச் செய்தது. 1985இல் வந்த '118 என்.இ.' காரின் கூடு ஃபியட் 124. எஞ்சின் நிஸானின் ஏ12. பெயரிலுள்ள 'என்.இ.' நிஸான் எஞ்சின் என்பதன் சுருக்கமே. 1171 கன செ.மீ. கொண்ட அந்த எஞ்சினின் கிராங்க் ஐந்து பேரிங்கில் சுழல்வது, 73 மி.மீ. விட்டத்துக்கு 70 மி.மீ. வீச்சு என்பதால் வேகச் சுழற்சிக்கு இசைவானது. 1990களில் பத்மினிக்கே இத்தாலிய எஃப்.என்.எம். நிறுவனத்தின் 1366 கன செ.மீ. டீசல் எஞ்சின் வைத்து '137 டி' என விற்றனர்.

ஆலை செய்ததைப் பட்டறை தொடர்ந்தது. 118 என்.இ. கார்கள் விபத்திலும் துருவிலும் ஒதுங்கத் தொடங்கியபோது, அவற்றின் நிஸான் எஞ்சின் பழைய ஃபியட்டுக்குள் ஏறியது. பேச்சில் எளிது, கையில் கடினம். மவுண்டிங் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். கீழே எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது. எஞ்சினோடு அதன் கியர்பாக்ஸும் வந்தால், ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர்க் கைப்பிடி தரைக்கு இறங்கும். அதற்குத் தரைத்தகட்டை வெட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தைத் திருத்திச் சமன் பார்க்காவிட்டால் வேகத்தில் வண்டி நடுங்கும். வரைபடம் எதுவும் இல்லாமல், அளவுகோலும் அட்டைத்துண்டும் கொண்டு இதைச் செய்து முடித்தவர்களின் அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சட்டம் இவ்வழக்கத்தை மெல்ல மெல்ல நெருக்கியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டுத் திருத்தம், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றுவதையே தடுத்தது. வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு மட்டும் ஒப்புதலோடு இடம் விட்டது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது. சாலைப் பாதுகாப்பு, திருட்டு வண்டி, காப்பீடு ஆகியவற்றை எண்ணினால் இதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. 52 கேட்கும் கேள்வி 'இவ்வண்டி பாதுகாப்பானதா, அடையாளம் காணத்தக்கதா?' என்பது. 2021 விதி கேட்பதோ 'இவ்வண்டி வரலாற்றுச் சிறப்புடையதா?' என்பது. இரண்டுக்கும் ஒரே விடையை எதிர்பார்ப்பதில்தான் பிழை.

கட்டடங்களைப் பேணுவோர் இச்சிக்கலை முன்பே சந்தித்தனர். 1964 வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலத்தவரும் அளித்த தகுந்த பங்களிப்புகளை மதிக்க வேண்டும் என்றது. ஒரே பாணிக்குத் திருப்பிக் கொண்டுபோவதை நோக்கமாகக் கொள்ளவில்லை. பழங்கார்களுக்கான உலகக் கூட்டமைப்பு வகுத்த டூரின் சாசனம் அதனை அடியொற்றியது. சோழர் கோயிலில் நாயக்கர் மண்டபத்தை இடித்து 'மூல வடிவம்' மீட்க இன்று எந்தத் தொல்லியலாளரும் முன்வர மாட்டார். இலங்கையில் மோரிஸ் மைனர்கள் நிஸான் எஞ்சின்களோடு ஓடின. 1990களில் அந்நாட்டிலிருந்தே அக்காரின் தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குச் சென்றன. மூலம் பிறந்த நாட்டைப் பிரதி எடுத்த நாடு பராமரித்த அவ்வரலாற்றில் எது அசல்?

ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே மைசூரு–பெங்களூரு நெடுஞ்சாலையில் 'பயணா' கார் அருங்காட்சியகம் இப்போது உள்ளது. அத்தகைய இடங்களில் பளபளக்கும் மூல வடிவக் கார்களோடு, எஞ்சின் மாறிய ஒரு ஃபியட்டையும் முன்மூடியைத் திறந்து வைத்தால், இறக்குமதித் தடையும் பெட்ரோல் விலையும் உதிரிப் பஞ்சமும் அதில் கண்கூடாகத் தெரியும். அதற்கான ஆவணம் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பழைய பதிவேடுகளில் அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. அடிச்சட்ட எண் நிலைத்திருக்க, எஞ்சின் எண் அடித்துத் திருத்தப்பட்ட ஒவ்வொரு பதிவும் ஒரு பட்டறையின் சான்று. பதிவேடுகள் கணினிமயமாகும்போது அடித்தல் திருத்தல் மறைந்து கடைசி எண் மட்டுமே எஞ்சக்கூடும். மாவட்ட அளவில் அவற்றைப் படியெடுத்து ஆராயும் வேலை ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதிய களம்.

1985இல் பதிவான 118 என்.இ. ஒன்று, மாறாமல் பேணப்பட்டால், 2035இல் 'வி.ஏ.' எழுத்துகளுக்கு உரியதாகும். ஃபியட் கூட்டுக்குள் நிஸான் எஞ்சினை வைத்தது ஆலை. 1974ஆம் ஆண்டுப் பத்மினி ஒன்றில் அதே நிஸான் எஞ்சினைப் பட்டறைக்காரர் பொருத்தியிருந்தால், அவ்வண்டி 2024இல் 50 ஆண்டு நிறைந்தும் வரிசைக்கு வெளியே நிற்கிறது.