ஒரு கணக்குக்கு மூன்று வழிகள்

ஒரு வளவில் ஆடுகளும் கோழிகளுமாக 20 நிற்கின்றன. கால்களை எண்ணினால் 56. ஆடு எத்தனை, கோழி எத்தனை?

ஒருங்கமை சமன்பாடு படித்த மாணவர் ஆடுகளை அ என்றும் கோழிகளைக் கோ என்றும் வைத்து, அ + கோ = 20, 4அ + 2கோ = 56 என எழுதுவார். முதலாவதை இரண்டால் பெருக்கினால் 2அ + 2கோ = 40. இரண்டாவதிலிருந்து அதைக் கழிக்க 2அ = 16. ஆகவே ஆடு 8, கோழி 12.

சமன்பாடு படிக்காத பிள்ளைக்கும் வழி உண்டு. கொப்பியில் 20 வட்டம் கீறி ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால் போடட்டும். 40 கால் முடிந்துவிடும். மிச்சம் 16. அதை இரண்டிரண்டாகக் கொடுத்துக்கொண்டு போனால் 8 வட்டங்களுக்கு நான்கு கால் வரும். அவைதான் ஆடுகள்.

இன்னொரு பிள்ளை ஊகித்துப் பார்க்கலாம். ஆடு 10, கோழி 10 என்றால் கால் 60. நான்கு கூடிவிட்டது. ஓர் ஆட்டை எடுத்துவிட்டுக் கோழியொன்றை விட்டால் இரண்டு கால் குறையும். இரண்டு தரம் மாற்றினால் போதும்.

மூன்றையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "சமன்பாட்டில் வரும் 40 படத்தில் எங்கே இருக்கிறது?" என்று ஆசிரியர் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முதலில் இரண்டு கால் போட்டோமே, அதுதான் 2அ + 2கோ. மனப்பாடமாகச் செய்த கழித்தலுக்கு அப்போதுதான் பொருள் வருகிறது. வழிகளை ஒப்பிடாமல் மூன்றையும் பாடமாக்க வைப்பது பிள்ளைக்கு மூன்று மடங்கு சுமை மட்டுமே.

இது புதுக் கதையல்ல. கணிதவியலாளர் ஜோர்ஜ் பொல்யா 1945இல் வெளியிட்ட நூலில், விடை கண்ட பின் திரும்பிப் பார்த்து அதையே வேறு வழியில் பெறமுடியுமா என்று கேட்கச் சொல்கிறார். ஜப்பானிய ஆரம்ப வகுப்புகளில் ஒரேயொரு கணக்கைக் கொடுத்து, பிள்ளைகளின் வெவ்வேறு தீர்வுகளை வைத்தே முழுப் பாடத்தையும் நடத்தும் வழக்கம் உண்டு. பிழையான தீர்வும் அங்கே பலகைக்கு வரும்.

எங்களுடைய பிரதேசங்களில் இதற்கு வேறொரு தேவையும் இருக்கிறது. 1995 இடப்பெயர்விலும் 2008, 2009 இல் வன்னியிலும் படிப்பு இடையில் நின்றவர்கள் பலர் இன்று பெற்றோர். "எனக்குக் கணக்குத் தெரியாது, ரியூசனில் கேள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்று 25 ரூபாப்படி 16 தேங்காய் என்றால், நாலு தேங்காய் நூறு, அப்படி நாலு தரம், 400 என்று சந்தையில் நின்றபடியே சொல்கிறவர்களும் அவர்கள்தான். அது குறுக்குவழி அல்ல. 25 × 4 × 4 என்ற முறையான கணிதம். அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பாடசாலையில் படித்த நெடும்பெருக்கலோடு ஒத்துப் பார்க்கவும் சொல்லலாம்.

பரீட்சை விடயத்தில் ஓர் எச்சரிக்கை. வினாவில் "சமன்பாடுகளை அமைத்துத் தீர்க்க" என்று கேட்டிருந்தால் சமன்பாடுதான் எழுத வேண்டும். படத்துக்குப் புள்ளி எதிர்பார்க்க முடியாது. முறை குறிப்பிடப்படாத இடத்தில் தெரிந்த வழியால் செய்து, படிகளை ஒழுங்காகக் காட்டலாம். நேரம் மிஞ்சினால் மற்ற வழியால் விடையைச் சரிபார்க்கலாம்: 8 ஆட்டுக்கு 32 கால், 12 கோழிக்கு 24, மொத்தம் 56.