சொல்லின்றி ஒரு சாட்சி

நம் இல்லங்கள் பலவற்றில் வெளியே சொல்லப்படாத வேதனை ஒன்று உண்டு. உயிருக்கு உயிரான கணவரோ மகனோ தோழியோ விசுவாசத்தைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் தீயவர்கள் அல்லர். துயரத்தில் உழல்பவர்களும் அல்லர். அன்போடும் நேர்மையோடும், எக்குறையும் உணராமல் வாழ்கின்றனர். பசியில்லாதவரிடம் உணவைப் பற்றி எவ்வாறு பேசுவது? இக்கேள்வியோடு கால் நூற்றாண்டு இல்லறம் நடத்திய ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் நினைவுகூர்வது தகும்.

எலிசபெத் 1866-இல் பாரிசில் பிறந்தவர். 1889-இல் பெலிக்ஸ் லெசர் என்பவரை மணந்தார். மருத்துவம் பயின்ற பெலிக்ஸ், இதழ்களில் எழுதிப் பெயர் பெற்றவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தும், மருத்துவக் கல்வி நாள்களில் விசுவாசத்தை இழந்திருந்தார். கற்றோர் பலர் திருச்சபையை விட்டு விலகி நின்ற காலம் அது. 1905-இல் பிரான்சில் அரசும் திருச்சபையும் சட்டப்படியே பிரிக்கப்பட்டன.

மனைவியின் வழிபாட்டில் தலையிடுவதில்லை என்று பெலிக்ஸ் முதலில் வாக்களித்திருந்தார். ஆயினும் நாளடைவில் திருச்சபைக்கு எதிரான நூல்களை வீட்டில் நிறைத்து, அவரையும் தம் பக்கம் இழுக்க முயன்றார். எலிசபெத்தும் சிறிது காலம் தளர்ந்தார். அப்போது கணவர் தந்த ரெனானின் நூலே அவரைத் திருப்பியது! அழகிய நடைக்குள் வாதம் வறுமையுற்றிருப்பதைக் கண்ட அவர், நற்செய்தியையும் திருச்சபைத் தந்தையரையும் ஆழ்ந்து கற்கலானார். 1899-இல் ஒரு குறிப்பேட்டை எழுதத் தொடங்கினார்.

கணவர் கையாண்ட முறையை அவர் கணவரிடம் கையாளவில்லை. வாதிட்டு வெல்ல முனையவில்லை. இறைநம்பிக்கையற்ற நண்பர்களை முகமலர்ச்சியோடு உபசரித்தார். ஆழ்ந்ததைக் கணவரோடு பகிர இயலாத தனிமையைக் குறிப்பேட்டில் இறக்கி வைத்தார். மனைவியர் சொல்லினால் அன்றி நடத்தையினால் கணவரை ஈர்க்கலாம் என்ற பேதுருவின் முதல் திருமுகப் போதனை அவர் வாழ்வில் உருப்பெற்றது. 1911-இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றார். 1914 மே 3-இல், 47-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அன்றும் பெலிக்ஸ் விசுவாசமற்றவராகவே இருந்தார்.

பின்னர் அக்குறிப்பேடு அவர் கைக்கு வந்தது. தம் மனமாற்றத்திற்காக மனைவி தம் துன்பங்களையெல்லாம் ஒப்புக்கொடுத்திருந்ததை அதில் கண்டார். மீண்டும் மீண்டும் வாசித்தார். விசுவாசத்திற்குத் திரும்பிய அவர், 1917-இல் அதை நூலாக வெளியிட்டார். 1919-இல் புனித சாமிநாதர் சபையில் சேர்ந்து, 1923-இல் குருவானார்.

இம்முடிவை மட்டும் கண்டு நாம் மயங்கலாகாது. மௌனம் என்பது பிறரை வெல்லும் உத்தி அன்று. மோனிக்கா தம் மகன் அகுஸ்தீனார் 387-இல் திருமுழுக்குப் பெற்றதைக் கண்ட பின்னரே கண்மூடினார். எலிசபெத்துக்கு அப்பேறு கிட்டவில்லை. அவரைப் போலவே மன்றாடி, எப்பலனும் காணாமல் மறைந்தோர் எத்தனையோ பேர். அவர்களுடைய அன்பு வீணாயிற்று என்று சொல்ல நாம் யார்? விதைப்பது நம் பணி. விளைச்சலின் காலம் நம் கையில் இல்லை. நம் அன்பர்களின் மனநிறைவை உடைக்க வேண்டிய சுவராகக் காண்பதும் அழகன்று. அவர்களிடமுள்ள நன்மையும் இறைவன் தந்ததே.

அக்குறிப்பேட்டை எலிசபெத் தம் வாழ்நாளிலேயே கணவர் முன் வைத்து வற்புறுத்தியிருந்தால், அதுவும் மற்றொரு வாதமாகவே போயிருக்கக்கூடும். அருகிருந்து கண்ட வாழ்வும் அவ்வெழுத்தும் ஒன்றாயிருந்ததாலேயே அது பெலிக்சைத் தொட்டது. நம் காலத்திற்குப் பின் நம் அலமாரியைத் திறக்கும் அன்பர்கள் எதைக் காண்பார்கள்? நாம் பேசிய விசுவாசமும் வாழ்ந்த வாழ்வும் அங்கே ஒன்றாயிருக்குமா? நம் அன்பர்களைப் பற்றிக் கவலைகொள்ளுமுன், இக்கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.