நூறு வாட் யாருக்கு? கிட்டார் ஆம்ப்பின் கதையும் எங்கள் மாடி அறையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஓரிக்கையில் எங்கள் வீட்டு மாடியில் நாலு பேர் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தோம். எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. கல்லூரியோடு விட்ட பேண்டை இப்போதுதான் தூசி தட்டியிருக்கிறோம். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கிய பழைய 100 வாட் கிட்டார் ஆம்ப் அன்றைக்குத்தான் வந்திருந்தது. பத்தே நிமிஷம். பக்கத்து வீட்டு நெசவாளர் அண்ணன் படியேறி வந்துவிட்டார்.

"தம்பி, நாள் முழுக்க தறிச் சத்தத்துலயே இருக்கிறவன் நான். எனக்கே காது அடைக்குது" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் சங்கடம்.

வால்யூமைக் குறைத்தால் ஒலியில் உயிர் இல்லை. ஏற்றினால் தெருவே எழுந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய ஆம்பை முதலில் யாருக்காகச் செய்தார்கள்? வழக்கம்போல ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

கதையை நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) என்றாலே 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரிதான். மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று தாள வாத்தியங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கச்சேரி மேடைக்கு மைக் பரவலாக வராத காலம். அத்தனையையும் தாண்டி ஒற்றைக் குரல் கேட்டாக வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் கிட்டாருக்கும் இதே பிரச்சனைதான். டிரம்பெட், சாக்ஸபோன் நடுவே அது காணாமல் போனது. 1932-இல் ரிக்கன்பேக்கரின் மின் கிட்டார் சந்தைக்கு வந்தது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், கிப்சனின் இஎச்-150 என்ற சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு ஊதுகருவிகளுக்குச் சமமாகத் தனி வாசித்தார். அவருக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

வாட் கணக்கு வீங்கியது பிறகு. 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷியா ஸ்டேடியம். பீட்டில்ஸ் குழுவைப் பார்க்க 55,000 பேருக்கு மேல் கூட்டம். மேடையில் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள். ஆனாலும் ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. லண்டனில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட், ஜிம் மார்ஷலிடம் 100 வாட் கேட்டு வாங்கியதும் அந்தக் காலகட்டத்தில்தான். காரணம் எளிது. அன்றைய மைக் செட் பெரும்பாலும் குரலுக்கு மட்டும். கிட்டார் ஒலி மேடையிலிருந்தே கடைசி வரிசைக்குப் போக வேண்டும்.

பின்னால் ஆம்ப்புக்கு முன்னாலும் மைக் வைத்து, மொத்த இசையையும் பெரிய ஸ்பீக்கர்களில் அனுப்பும் வழக்கம் வந்தது. காரணம் போய்விட்டது, 100 என்ற எண் மட்டும் மனதில் தங்கிவிட்டது. நாங்களும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஏமாந்தோம்.

எண்ணே இன்னொரு ஏமாற்று. ஒரே ஸ்பீக்கரில் 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும்.

அப்படியானால் ஆம்பே வேண்டாம், நேராக மிக்ஸரில் செருகலாமே? எங்கள் டிரம்மர் கேட்டது இதைத்தான். செருகிப் பார்த்தோம், மந்தமாகக் கேட்டது. கிட்டார் பிக்கப்புக்குச் சுமார் 1 மெகா ஓம் உள்ள உள்ளீடு வேண்டும். மிக்ஸரின் சாதாரண உள்ளீடு அதைவிட மிகக் குறைவு. மேல் ஸ்தாயி அங்கேயே செத்துவிடும். டிஸ்டார்ஷன் போட்டால் நேர்மாறு, கீச்சிடும். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியைத் தானாகவே அடக்கிவிடும், மைக் செட் ஸ்பீக்கர் அடக்காது.

இதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஸ்வரம் சட்டென்று அடங்கிவிடும், கமகம் நிற்காது. அவர் எட்டுத் தந்திகளை ஐந்தாக்கி, மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். அங்கே மின்சாரம் செய்த முக்கியமான வேலை, நாதத்துக்கு நீளம் தந்தது. ஆம்ப் என்பது வாத்தியத்தின் மறுபாதி.

ஆக எங்கள் முடிவு இது. ஒலியின் தரத்தை ஆம்ப் பார்க்கட்டும், கூட்டத்துக்குக் கொண்டுபோவதை மைக் செட் பார்க்கட்டும். பழையதை விற்றுவிட்டு பாஸ் கட்டானா 50 எடுத்தோம். 0.5, 25, 50 வாட் என்று மூன்று நிலை. பழைய ஆம்ப்களின் குணத்தை டிஜிட்டலாகச் செய்து தருகிறது. மென்பொருள்காரனுக்குச் சந்தோஷம்தானே! வீட்டில் 0.5. டிரம்ஸோடு வாசிக்க 25 அல்லது 50. சின்ன மேடையில் ஸ்பீக்கர் முன் ஒரு மைக்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். உயர் ஒலி நேர்கோட்டில் முழங்காலுக்குப் போய்விடும், காதுக்குக் கேட்காமல் நீங்கள் வால்யூமை ஏற்றுவீர்கள். நாற்காலியில் ஏற்றி, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள்.

போன ஞாயிறு பிராக்டிஸ் முடித்து இறங்கினோம். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "என்ன தம்பி, இன்னைக்கு வாசிக்கலையா?" என்றார்.