உள்ளே இறங்கவும் வெளியே ஏறவும்

மடிக்கணினி துவங்க மறுக்கிறது. யுஎஸ்பி டிரைவிலிருந்து இன்னொரு லினக்ஸை எழுப்பி, கெட்டுப்போன வட்டை ஒரு கோப்புறையில் மவுன்ட் செய்து, ‘சிஎச்ரூட்’ கட்டளையைத் தட்டி அதற்குள் இறங்குகிறோம். 1979 வாக்கில் யுனிக்ஸில் வந்த வசதி இது. வேர்க் கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மாற்றிவிடும். திரை அதே திரை, கர்சர் அதே கர்சர். நிற்கும் வீடுதான் வேறு.

நான் ஒருமுறை வேலை முடிந்த சிஎச்ரூட் கோப்புறையை ஒரே கட்டளையில் அழித்தேன். என் ஹோம் கோப்புறை அதற்குள்ளும் தெரியும்படி பைண்ட் மவுன்ட் செய்திருந்தது நினைவில் இல்லை. இரண்டு வருடப் படங்கள் போயின. நான் பார்த்துச் செய்த குறிப்பு உள்ளே போகும் வழியை அழகாகச் சொல்லியிருந்தது, வெளியே வருவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதிலிருந்து, இந்த மாதிரி ஆவணம் எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். இந்தக் கட்டளையை எந்த வீட்டில் நின்று அடிக்கிறேன்? முடிந்ததும் எப்படி வெளியே வருவது?

தன்னார்வலர்கள் எழுதிய இத்தகைய ஆவணங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999-இல் தொடங்கிய ‘லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்’ (எல்எஃப்எஸ்) புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். மற்றொன்று, ஆர்ச் லினக்ஸுக்கான ஆர்ச் விக்கியின் சிஎச்ரூட் பக்கம்.

முதலாவது புத்தகம். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வருபவருக்காக எழுதியது. வாசகர் நேற்று என்ன செய்தார் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதனால் நிதானமாக, காரணத்தோடு பேச முடிகிறது. சிஎச்ரூட் கட்டளையோடு ‘என்வ் -ஐ’ என்று சேர்ப்பது ஏன்? வெளியில் இருக்கும் சூழல் மாறிகளையெல்லாம் துடைத்துவிட. பிறகு ‘டெர்ம்’ மாறியை மட்டும் வெளியிலிருந்து அப்படியே கொண்டுபோவது ஏன்? விம், லெஸ் போன்றவை ஒழுங்காக ஓடுவதற்கு. உள்ளே போனதும் ப்ராம்ப்ட் ‘ஐ ஹேவ் நோ நேம்!’ என்று புலம்பும். பயனர் பெயர்களைச் சொல்லும் கோப்பு இன்னும் உருவாகவில்லை, இது சகஜம்தான் என்று புத்தகம் அங்கேயே சொல்லிவிடுகிறது. வாசகர் பதறப்போகும் இடத்தை முன்கூட்டியே கண்டு அங்கே ஒரு வரி வைப்பது லேசான வேலை இல்லை. ப்ராம்ப்டின் தலையிலேயே ‘எல்எஃப்எஸ் சிஎச்ரூட்’ என்று எழுதிவிடுவதால் என் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

ஆர்ச் விக்கிக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வருபவர் நள்ளிரவில், கைபேசியில், பக்கத்தின் நடுவில் வந்து குதிப்பவர். எந்தக் கணினி, இதுவரை என்ன செய்தார், ஒன்றும் தெரியாது. எனவே அந்தப் பக்கம் விளக்கத்தைக் குறைத்து, மாட்டிக்கொள்ளும் இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வந்தால் உள்ளேயும் வெளியேயும் உள்ள செயலிக் கட்டமைப்பு ஒத்துப்போகவில்லை என்று சந்தேகப்படு. உள்ளே இணையம் வேண்டுமா, ‘ரிசால்வ்.கான்ஃப்’ கோப்பைப் பிரதியெடு. இப்படி.

வெளியே வருவதில்தான் விக்கி முந்துகிறது. ‘எக்ஸிட்’ அடி, வேருக்குத் திரும்பு, உள்ளடுக்குகளோடு சேர்த்து மவுன்டைக் கழற்று (யுமவுன்ட்). ‘டிவைஸ் பிஸி’ என்று முரண்டு பிடித்தால் உள்ளே ஏதோ நிரல் இன்னும் ஓடுகிறது, அல்லது துணை மவுன்ட் ஒன்று மிச்சமிருக்கிறது. எல்லாம் உள்ளே போன வழியைச் சொல்லும் அதே பகுதியிலேயே இருக்கிறது. புத்தகத்தில் யுமவுன்ட் கட்டளைகள் பின்னால், காப்புப் பிரதி எடுக்கும் பகுதியில் வருகின்றன. புது அமைப்பு இருக்கும் இடத்தைக் குறிக்கும் எல்எஃப்எஸ் மாறியை அமைக்க மறந்துவிட்டு மீட்டெடுக்க முயன்றால் உன் கணினியே அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அங்கேதான். தேவையான எச்சரிக்கை. ஆனால் இடையில் விட்டுவிட்டு எழுந்துபோக நினைப்பவர் கண்ணில் அந்தப் பகுதி படாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. ஆர்ச் தன்னார்வலர்கள் பாதி ஆவணத்தை ‘ஆர்ச்-சிஎச்ரூட்’ என்ற ஸ்கிரிப்டாகவே மாற்றிவிட்டார்கள். மவுன்டும் அதுவே, யுமவுன்டும் அதுவே. தவறான குறிப்பைத் திருத்துவதைவிட குறிப்பே தேவைப்படாமல் செய்வது மேல் என்பது என் கட்சியும்கூட. கற்றுக்கொடுப்பதே நோக்கமான எல்எஃப்எஸ்ஸால் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. நிறுவல் யுஎஸ்பியிலிருந்து ஆர்ச்-சிஎச்ரூட் வழியே உள்ளே போன பிறகும் ப்ராம்ப்டில் ‘ஆர்ச்ஐஎஸ்ஓ’ என்ற அதே பெயர்தான். சுற்றியுள்ள சதுர அடைப்பு மட்டும் புதிது. புதியவர் அதை எப்படிக் கவனிப்பார்?

விக்கியில் கட்டளைக்கு முன் ஹாஷ் குறி இருந்தால் ரூட்டாக அடிக்க வேண்டும், டாலர் இருந்தால் சாதாரணப் பயனராக. நல்ல மரபு. ஆனால் அது யாராக அடிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது, எங்கே நின்று என்பதைச் சொல்வதில்லை. புத்தகமோ நகலெடுக்க வசதியாகக் குறியே போடுவதில்லை. திரையில் ப்ராம்ப்ட் சொன்னாலும், புத்தகப் பக்கத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்பது அத்தியாயத் தலைப்பை வைத்துத்தான் தெரியும். நான் திருத்தப் போனால் கைவைக்கும் முதல் இடம் இது: ஒவ்வொரு கட்டளையின் இடப்பக்கத்திலும் ‘உள்ளே’ அல்லது ‘வெளியே’ என்று ஒரே ஒரு சொல்.